பதின்ம வயதுப் பிள்ளையை வெளிநாட்டுப் பள்ளியில் சேர்ப்பது: முழுமையான வழிகாட்டி

வெளிநாட்டுப் பள்ளி என்றதும் பல வீடுகளில் பேச்சு நாட்டின் பெயரிலோ பள்ளியின் தரவரிசையிலோதான் தொடங்குகிறது. அதன் பின்னாலேயே விசா, கட்டணம், டிக்கெட் என்று வேலை ஓடுகிறது. பாதி வழியில் முளைக்கும் சிக்கல்களில் பெரும்பாலானவை இரண்டு கேள்விகளைக் கடைசிக்குத் தள்ளியதால் வருபவை. பிள்ளை எந்த வகுப்பில் போய்ச் சேரப்போகிறது? நடுராத்திரியில் காய்ச்சல் வந்தால் அங்கே கையெழுத்துப் போடும் அதிகாரம் உள்ள பெரியவர் யார்? இவை இரண்டுக்கும் பதில் கிடைத்துவிட்டால் நாடும் பள்ளியும் ஏறக்குறைய தாமாகவே முடிவாகிவிடும்.

வகுப்பு தொடங்கும் நாளிலிருந்து பின்னோக்கி 18 மாதம் கையில் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு வருடத்திலும் முடியும். ஆறு மாதம்தான் இருக்கிறது என்றால், மிச்சமிருக்கும் இடங்களில் ஒன்றைத்தான் எடுக்க வேண்டிவரும்.

படி 1: எந்த வகுப்பில் சேர்ப்பது

அமெரிக்காவில் உயர்நிலைப் பள்ளி என்பது 9 முதல் 12 வரை. கல்லூரி விண்ணப்பத்தில் இந்த நான்கு ஆண்டு மதிப்பெண்களும் போகும். 9 அல்லது 10ஆம் வகுப்பில் சேர்வது நல்லது. 11இல் சேர்ந்தால், கல்லூரிக்குப் பரிந்துரைக் கடிதம் எழுத வேண்டிய ஆசிரியருக்குப் பிள்ளையைத் தெரிந்து ஒரு வருடம்தான் ஆகியிருக்கும். 12இல் புதிதாகச் சேர்த்துக்கொள்ளப் பல போர்டிங் (விடுதியோடு கூடிய) பள்ளிகள் சம்மதிப்பதே இல்லை. சில பள்ளிகள் முடித்த வகுப்பையே மறுபடி படிக்கச் சொல்லும். அதைக் கௌரவப் பிரச்சினையாக்க வேண்டாம். ஆங்கிலத்திலோ கணிதத்திலோ பிடிமானம் இல்லாத பிள்ளைக்கு அந்த ஒரு வருடம் பெரிய உதவி. பள்ளி முடிக்கும்போது வயது என்ன ஆகும் என்பதை மட்டும் கணக்குப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இங்கிலாந்தில் வகுப்பை ‘ஆண்டு’ என்பார்கள். பத்தாம், பதினோராம் ஆண்டுகள் சேர்ந்து ஒரே ஜிசிஎஸ்இ படிப்பு, பதினாறு வயது வாக்கில் எழுதும் பொதுத்தேர்வுக்கானது. பன்னிரண்டும் பதின்மூன்றும் ஏ-லெவல், பல்கலைக்கழகத்துக்கு முந்தைய படிப்பு. எனவே நல்ல நுழைவாயில்கள் மூன்று: ஒன்பதாம், பத்தாம், பன்னிரண்டாம் ஆண்டுகள். பதினோராம் ஆண்டில் நேராக நுழைந்தால், மற்றவர்கள் பாதி முடித்துவிட்ட பாடத்திட்டத்தில் போய் உட்கார வேண்டியிருக்கும். அந்த வயதில் வருபவர்களுக்கென்றே சில பள்ளிகள் ஓராண்டு ஜிசிஎஸ்இ நடத்துகின்றன. அப்படியொன்று இருந்தால் மட்டும் யோசிக்கலாம். பல நாடுகளில் நடக்கும் ஐபி (இன்டர்நேஷனல் பாக்கலோரியட்) டிப்ளமோவுக்கும் இதே விதிதான். அது இரண்டாண்டுப் படிப்பு, முதலாண்டின் தொடக்கத்திலேயே சேர்ந்தாக வேண்டும்.

கனடாவில் மாகாணத்துக்கு மாகாணம் மாறும். ஒன்டாரியோவில் டிப்ளமோ (பள்ளி முடித்த சான்று) பெற 30 கிரெடிட் (பாடம் முடித்ததற்குத் தரும் அலகு), 40 மணி நேரச் சமூக சேவை, ஒரு எழுத்தறிவுத் தகுதி ஆகியவை வேண்டும். வெளியிலிருந்து வருபவருக்கு முந்தைய படிப்பைப் பார்த்து எத்தனை கிரெடிட் தருவது என்று பள்ளி முதல்வர் தீர்மானிப்பார். அந்தக் கணக்கைச் சேரும் முன்பே எழுத்தில் வாங்குங்கள். வாயால் சொன்ன எண்ணிக்கையை நம்பிப் போய், முடிக்க இன்னும் ஒரு வருடம் ஆகும் என்று அங்கே போன பிறகு தெரியவருவது அடிக்கடி நடக்கிறது.

ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் பள்ளி ஆண்டு ஜனவரி கடைசியிலோ பிப்ரவரியிலோ தொடங்கி டிசம்பரில் முடியும். ஜூன் மாதத்தில் வகுப்பு முடித்த பிள்ளை ஒன்று அரை வருடம் காத்திருக்கும், இல்லையென்றால் பாதி ஆண்டில் நுழையும். ஆஸ்திரேலிய மாணவர் விசாவுக்கு வயது வரம்பும் உண்டு: ஒன்பதாம் ஆண்டு தொடங்கும்போது 17 வயதுக்குள், பத்தாம் ஆண்டுக்கு 18க்குள், பதினொன்றுக்கு 19க்குள், பன்னிரண்டுக்கு 20க்குள் இருக்க வேண்டும்.

பிள்ளை திரும்பி வந்து சொந்த நாட்டிலேயே கல்லூரி சேரக்கூடும் என்றால், அங்கே கிடைக்கும் சான்றிதழுக்கு இங்கே சமநிலை (இணையான மதிப்பு) தருவது யார், எந்தெந்தப் பாடங்களைக் கட்டாயம் கேட்பார்கள் என்று இப்போதே விசாரியுங்கள். மருத்துவம், பொறியியல் பக்கம் போக நினைப்பவர்களுக்கு இது உயிர்நாடி. மூன்று பாடங்களோடு நிற்கும் ஏ-லெவலில் உயிரியலையோ வேதியியலையோ விட்டுவிட்டால் பிறகு சேர்க்க வழியில்லை.

படி 2: எந்த நாட்டின் விதி உங்களுக்குப் பொருந்தும்

அமெரிக்க அரசுப் பள்ளியில் எஃப்-1 என்ற மாணவர் விசாவில் படிப்பதற்கு உச்சவரம்பு மொத்தம் 12 மாதம். அதுவும் 9 முதல் 12ஆம் வகுப்புக்குள்தான். எட்டாம் வகுப்பு வரை எஃப்-1 விசாவில் அரசுப் பள்ளியே கிடையாது. அந்த ஒரு வருடத்துக்கும் மானியம் கழிக்காத முழுச் செலவை முன்கூட்டியே கட்ட வேண்டும். உறவினர் வீட்டில் தங்கி, வீட்டு முகவரியைக் காட்டி இலவசமாகச் சேர்த்துவிடலாம் என்று யாராவது யோசனை சொன்னால் அந்தப் பேச்சை அங்கேயே நிறுத்துங்கள். இந்த விதியை மீறிய மாணவர், அமெரிக்காவுக்கு வெளியே தொடர்ந்து ஐந்தாண்டு இருந்த பிறகே மீண்டும் நுழைய முடியும். சட்டத்தில் அப்படியே எழுதியிருக்கிறது. நான்கு ஆண்டும் அங்கேயே படிக்க வேண்டுமானால், வெளிநாட்டு மாணவர்களைச் சேர்க்க அரசு அங்கீகாரம் பெற்ற தனியார் பள்ளிதான் வழி. அங்கே 12 மாத வரம்பு இல்லை.

இன்னொரு வழி ஜே-1 பரிமாற்றத் திட்டம். தொடங்கும் நாளில் வயது 15 முதல் 18 அரை வரை இருக்க வேண்டும். ஒரு கல்வியாண்டு ஒரு குடும்பத்தோடு தங்கிப் படிக்கலாம். செலவு வெகுவாகக் குறையும். ஆனால் எந்த ஊர், எந்தப் பள்ளி என்பதைப் பெரும்பாலும் திட்டத்தை நடத்தும் அமைப்பே முடிவு செய்யும். டிப்ளமோ கிடைக்கும் என்று எதிர்பார்க்கக் கூடாது. அனுபவத்துக்கு என்றால் அருமையான திட்டம். கல்லூரிக்குப் படிக்கட்டாக நினைத்தால் ஏமாற்றம்தான்.

இங்கிலாந்தில் 4 முதல் 17 வயது வரை சைல்டு ஸ்டூடன்ட் விசா. கட்டணம் வாங்கும் தனியார் பள்ளிகளுக்கு மட்டுமே இது செல்லும். 16 வயதுக்குக் கீழே இருந்தால் ஆறு ஆண்டு வரையும், 16, 17 வயதில் மூன்று ஆண்டு வரையும் படிக்கலாம். அங்கே ஏ-லெவல் முடித்தால் பல்கலைக்கழகத்தில் உள்நாட்டு மாணவர் கட்டணம் கிடைத்துவிடும் என்ற நம்பிக்கை பரவலாக இருக்கிறது. அது தவறு. படிப்புக்காக மட்டும் வந்து தங்கியவரிடம் வெளிநாட்டவர் கட்டணமே வாங்குவார்கள்.

கனடாவில் அரசுப் பள்ளி வாரியங்களே கட்டணம் வாங்கிக்கொண்டு வெளிநாட்டு மாணவர்களை எடுத்துக்கொள்கின்றன. ஆண்டு எல்லை கிடையாது. கல்லூரி மாணவர்களுக்கு வந்திருக்கும் மாகாண ஒப்புதல் கடிதம் பன்னிரண்டாம் வகுப்பு வரை தேவையில்லை. 17 வயதுக்குக் கீழே இருந்து தனியாக வந்தால் கஸ்டோடியன், அதாவது பிள்ளைக்குப் பொறுப்பேற்கும் பெரியவர், கட்டாயம். அவர் அங்கேயே வசிக்கும் குடிமகனாகவோ நிரந்தரக் குடியுரிமை பெற்றவராகவோ இருக்க வேண்டும். செலவு, தொடர்ச்சி, விதிகளின் தெளிவு மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் நடுத்தரக் குடும்பத்துக்கு ஓரளவு தாங்கக்கூடிய கணக்கு கனடாதான் என்பது எங்கள் கருத்து. குளிர்காலம் தனி விஷயம்.

ஆஸ்திரேலியாவில் 18 வயதுக்குக் கீழே உள்ளவரின் தங்குமிடத்துக்கும் நலனுக்கும் யார் பொறுப்பு என்பது விசாவிலேயே கட்டிப்போடப்பட்டிருக்கும். பெற்றோரில் ஒருவர் கார்டியன் (பொறுப்பாளர்) விசாவில் உடன் வரலாம், தகுதியுள்ள உறவினர் ஏற்கலாம், அல்லது பள்ளியே பொறுப்பேற்றுக் கடிதம் தரலாம். பள்ளி பொறுப்பேற்றால், அந்தப் பொறுப்பு தொடங்கும் தேதிக்கு ஒரு நாள் முன்னால்கூட நாட்டுக்குள் நுழைய முடியாது. டிக்கெட் போடும்போது இதைப் பார்க்காமல் மாட்டிக்கொள்பவர்கள் உண்டு. பள்ளிக்குச் சொல்லாமல் வீடு மாறினால் விசா நிபந்தனையை மீறியதாகிவிடும்.

படி 3: பள்ளி, ஏஜென்ட், விண்ணப்பம்

ஆறு முதல் எட்டுப் பள்ளிகள் போதும். ஒவ்வொரு பள்ளியிடமும் நேரடியாக மின்னஞ்சலில் கேளுங்கள்: வெளிநாட்டு மாணவர் எத்தனை பேர், அதில் பிள்ளையின் தாய்மொழி பேசுபவர் எத்தனை பேர், ஆங்கில உதவி வகுப்புக்குத் தனிக் கட்டணமா, அந்த வகுப்பால் எந்தப் பாடம் தவறும், கடந்த மூன்றாண்டில் இடையில் விலகியவர் எத்தனை பேர். கடைசிக் கேள்விக்கு வரும் பதிலைவிட, எப்படிப் பதில் சொல்கிறார்கள் என்பதே அதிகம் சொல்லிவிடும்.

ஏஜென்ட் மூலம் போவதில் தவறில்லை. ஆனால் பலருக்குச் சம்பளம் பள்ளி தரும் கமிஷன்தான். கமிஷன் தராத பள்ளி அவர்கள் பட்டியலில் வராது. ‘இந்தப் பள்ளியிடமிருந்து உங்களுக்கு எவ்வளவு வருகிறது?’ என்று நேராகக் கேட்டுவிடுங்கள். விண்ணப்பக் கணக்கின் பாஸ்வேர்டும், பள்ளியோடு நடக்கும் கடிதப் போக்குவரத்தும் உங்கள் கையில் இருக்க வேண்டும். கட்டுரையை அவர்களே எழுதித் தருகிறோம் என்றால் மறுத்துவிடுங்கள். வீடியோ நேர்காணலில் பிள்ளை பேசும் ஆங்கிலத்துக்கும் கட்டுரையின் ஆங்கிலத்துக்கும் உள்ள இடைவெளி பத்தே நிமிடத்தில் தெரிந்துவிடும்.

தேர்வுகள் பள்ளிக்குப் பள்ளி வேறுபடும். அமெரிக்காவில் எஸ்எஸ்ஏடி என்ற நுழைவுத் தேர்வு, ஆங்கிலத்துக்கு டோஃபெல் ஜூனியர் அல்லது டியோலிங்கோ. பிரிட்டிஷ் பள்ளிகளில் யுகேஐசெட். ஆஸ்திரேலியப் பள்ளிகளில் ஏஈஏஎஸ். அமெரிக்க போர்டிங் பள்ளிகளின் கெடு பெரும்பாலும் ஜனவரி 15 முதல் பிப்ரவரி 1 வரை. முடிவு மார்ச் 10 வாக்கில் வரும், ஏப்ரல் 10க்குள் பதில் சொல்ல வேண்டும். ஆகவே தேர்வை அக்டோபரிலேயே ஒருமுறை எழுதிவிட்டால், மதிப்பெண் குறைந்தாலும் டிசம்பரில் இன்னொரு வாய்ப்பு இருக்கும். பிரிட்டிஷ் பள்ளிகளில் பன்னிரண்டாம் ஆண்டுக்கு முந்தைய ஆண்டின் இலையுதிர் காலத்திலேயே தேர்வும் நேர்காணலும் நடந்துவிடும்.

படி 4: தங்குமிடமும் பொறுப்பாளரும்

இங்கேதான் நேரத்தைத் தாராளமாகச் செலவிட வேண்டும்.

போர்டிங் பள்ளி என்றால் ஆண்டு முழுவதும் அங்கேயே இருக்கலாம் என்று நினைப்பது இயல்பு. விடுதி பல நாட்கள் பூட்டியிருக்கும். பிரிட்டிஷ் பள்ளிகளில் ஒவ்வொரு பருவத்தின் நடுவிலும் ஹாஃப் டெர்ம் விடுமுறை வரும், ஒரு வாரமோ இரண்டு வாரமோ. அதற்கு மேல் சில வார இறுதிகளில் எல்லாரும் வெளியேற வேண்டும். அமெரிக்காவில் நவம்பர் கடைசியில் நன்றி தெரிவிக்கும் விடுமுறை, பிறகு குளிர்கால விடுமுறை, மார்ச்சில் இன்னொன்று. பள்ளியின் ஆண்டு நாட்காட்டியை வாங்கி, விடுதி மூடியிருக்கும் ஒவ்வொரு இரவுக்கும் பக்கத்தில் பிள்ளை தூங்கப்போகும் வீட்டின் பெயரை எழுதுங்கள். ஒரு கட்டம் காலியாக இருந்தாலும் ஏற்பாடு முடியவில்லை என்றுதான் பொருள். கார்டியன் அமைப்புக்குக் கட்டும் தொகை, விடுமுறை ஹோம்ஸ்டே (அங்குள்ள ஒரு குடும்பத்தோடு தங்குவது), போகவர வண்டிச் செலவு எல்லாம் இந்தக் காலிக் கட்டங்களிலிருந்தே முளைக்கின்றன. பள்ளிக் கட்டணப் பட்டியலில் இவை இருக்காது.

இங்கிலாந்தில் கார்டியன் அமைப்புகளுக்கு ஏஜிஸ் என்ற சங்கம் சோதித்து அங்கீகாரம் தருகிறது; அந்தப் பட்டியலிலிருந்து எடுப்பது பாதுகாப்பு. 16 வயதுக்குக் கீழே உள்ள பிள்ளை, நெருங்கிய உறவு அல்லாத ஒருவர் வீட்டில் 28 நாளோ அதற்கு மேலோ தங்கினால் உள்ளாட்சி நிர்வாகத்துக்குத் தெரிவிக்க வேண்டும். குடும்ப நண்பர் வீடு, பெற்றோரின் ஒன்றுவிட்ட சகோதரர் வீடு ஆகியவையும் இதில் அடங்கும்.

ஹோம்ஸ்டே குடும்பத்தோடு முன்கூட்டியே ஒரு வீடியோ அழைப்பு பேசுங்கள். கேட்க வேண்டியவை எல்லாம் சின்னச் சின்ன விஷயங்களே. வீட்டில் 18 வயதுக்கு மேற்பட்டோர் எத்தனை பேர், எல்லாருக்கும் காவல்துறைச் சரிபார்ப்பு நடந்திருக்கிறதா? வேறு மாணவர் யாராவது தங்குகிறார்களா? அறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் உண்டா? காலை உணவைப் பிள்ளையே எடுத்துக்கொள்ள வேண்டுமா, மதிய உணவு யார் கட்டித் தருவது? துணி துவைப்பது வாரத்தில் எத்தனை முறை? இரவு எத்தனை மணிக்குள் வீடு திரும்ப வேண்டும்? பள்ளிக்குப் பேருந்தில் எவ்வளவு நேரம், குளிர்காலத்தில் நிறுத்தம் வரை எவ்வளவு தூரம் நடக்க வேண்டும்? ஹோம்ஸ்டேயில் பெரிய சண்டைகள் அபூர்வம். குளியலறையில் இருபது நிமிடம் நின்றது, குளிர்சாதனப் பெட்டியில் கேட்காமல் எடுத்தது, கேட்டால் மட்டும் பேசியது என்று சில்லறைக் கசப்புகள் சேர்ந்துதான் மூன்றாம் மாதத்தில் வீடு மாற வேண்டிவருகிறது. எத்தனை நாள் முன்னறிவிப்பு தர வேண்டும், கட்டிய பணத்தில் எவ்வளவு திரும்பும் என்பதை ஒப்பந்தத்தில் பாருங்கள்.

உறவினர் வீடு மலிவு. மனத்தாங்கல் வந்தால் வெளியேறுவது கடினம். மாதத் தொகை எவ்வளவு, எது யார் பொறுப்பு என்று ஒரு பக்கம் எழுதிக்கொண்டுவிட்டால் உறவு பிழைக்கும்.

படி 5: பணம்

அமெரிக்காவின் பெயர்பெற்ற போர்டிங் பள்ளிகள் பலவற்றில் படிப்பும் தங்குவதும் சேர்ந்து ஆண்டுக்கு 60,000 டாலரைத் தாண்டும். கனடாவின் அரசுப் பள்ளி வாரியங்களில் படிப்புக் கட்டணம் ஏறக்குறைய 14,000 முதல் 18,000 கனடா டாலர், ஹோம்ஸ்டே தனி. இங்கிலாந்தில் தனியார் பள்ளிக் கட்டணத்துக்கு 2025 ஜனவரி 1 முதல் 20 சதவீத வாட் வரி உண்டு. பள்ளி சொல்லும் தொகை வரியோடா, வரி நீங்கலாகவா என்று கேளுங்கள். சீருடை, தேர்வுக் கட்டணம், லேப்டாப், இரண்டு முறை விமானப் பயணம், காப்பீடு, விடுமுறைத் தங்கல் ஆகியவற்றுக்குப் பள்ளிக் கட்டணத்தில் ஐந்தில் ஒரு பங்கைக் கூடுதலாக ஒதுக்குவது பத்திரம். பிள்ளை வேலை பார்த்து ஈடுகட்டும் என்று கணக்குப் போடவே வேண்டாம்.

முன்பணம் கட்டும் முன், விசா மறுக்கப்பட்டால் எவ்வளவு திரும்பும் என்ற வரியைக் கண்டுபிடித்துப் படியுங்கள். வங்கிக் கணக்கு எண் மாறிவிட்டது என்று மின்னஞ்சல் வந்தால், பள்ளியின் இணையதளத்தில் இருக்கும் தொலைபேசி எண்ணுக்கு அழைத்துக் கேட்காமல் ஒரு காசும் அனுப்பாதீர்கள்.

படி 6: விசா

அமெரிக்காவுக்கு வரிசை இது: பள்ளி தரும் ஐ-20 என்ற சேர்க்கைப் படிவம், 350 டாலர் செவிஸ் (மாணவர் பதிவு) கட்டணம், டிஎஸ்-160 என்ற இணைய விசா விண்ணப்பம், தூதரகத்தில் நேர்காணல். கடவுச்சீட்டிலும் ஐ-20இலும் பெயரின் எழுத்து ஒன்றுபோல இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். தந்தை பெயர் முன்னெழுத்தாகவும் குடும்பப் பெயராகவும் மாறிமாறி வருவது நம்மிடையே சகஜம். பள்ளிச் சான்றிதழ், தடுப்பூசி அட்டை, வங்கிக் கடிதம் எல்லாவற்றிலும் அது ஒரே மாதிரி இருக்க வேண்டும். நேர்காணலில் அதிகாரி பிள்ளையைப் பார்த்துத்தான் கேட்பார். ஏன் இந்தப் பள்ளி, யார் செலவு செய்கிறார்கள், பிறகு என்ன திட்டம் என்ற மூன்றுக்கும் பிள்ளை சொந்த வார்த்தையில் பதில் சொன்னால் போதும். மனப்பாடம் செய்த பதில்தான் சந்தேகத்தைக் கிளப்பும்.

இங்கிலாந்துக்குப் பள்ளி தரும் சிஏஎஸ் எண் (சேர்க்கையை உறுதிப்படுத்தும் எண்), பெற்றோரின் ஒப்புதல் கடிதம், தங்குமிட விவரம் ஆகியவை வேண்டும். ஆண்டுக்கு 776 பவுண்ட் மருத்துவக் கட்டணத்தை விசா காலம் முழுவதற்கும் சேர்த்து முதலிலேயே கட்ட வேண்டும். பணத்தைக் காட்ட வேண்டியிருந்தால் அது கணக்கில் தொடர்ந்து 28 நாள் இருந்திருக்க வேண்டும். இடையில் ஒரே ஒரு நாள் தேவையான தொகைக்குக் கீழே போனாலும் மறுப்பு வரும். சில நாடுகளிலிருந்து போவோருக்குக் காசநோய்ச் சோதனையும் உண்டு.

கனடாவின் கஸ்டோடியன் படிவத்தில் இரண்டு பக்கம். ஒன்றில் கஸ்டோடியனும் மற்றொன்றில் பெற்றோரும் கையெழுத்திட்டு, அவரவர் நாட்டில் நோட்டரி சான்று வாங்க வேண்டும். ஒரு பக்கத்துக்கு மட்டும் சான்று வாங்கிவிட்டு அனுப்புவது வழக்கமான தவறு. ஆஸ்திரேலிய மாணவர் விசாக் கட்டணம் 2025 ஜூலை முதல் 2,000 ஆஸ்திரேலிய டாலர், மறுத்தாலும் திரும்பாது.

பெற்றோர் பிரிந்து வாழ்கிறார்கள் என்றால், இருவரின் ஒப்புதலையோ காவலுரிமை பற்றிய நீதிமன்ற ஆணையையோ இப்போதே தேடி எடுத்துவையுங்கள். கடைசி வாரத்தில் எல்லாவற்றையும் நிறுத்திவைப்பது இந்த ஒரு தாள்தான்.

படி 7: உடல்நலக் காகிதங்கள்

தடுப்பூசிப் பதிவை ஆறு மாதம் முன்பே எடுத்துப் பாருங்கள். எம்எம்ஆர் (தட்டம்மை, பொன்னுக்கு வீங்கி, ரூபெல்லா தடுப்பூசி) இரண்டு தவணை வேண்டும், இடைவெளி குறைந்தது 28 நாள். ஹெபடைடிஸ் பி மூன்று தவணைக்கு வழக்கமாக ஆறு மாதம் பிடிக்கும். விடுதியில் தங்குபவர்களுக்கு மூளைக்காய்ச்சல் தடுப்பூசியையும் பல பள்ளிகள் கேட்கும். தேதிகளை எழுதும்போது மாதத்தை எழுத்தில் எழுதச் சொல்லுங்கள். 4/7 என்பதை ஓரிடத்தில் ஜூலை 4 என்றும் அமெரிக்காவில் ஏப்ரல் 7 என்றும் படிப்பார்கள்; இடைவெளிக் கணக்கு குலைந்து, ஊசியை மறுபடி போடச் சொல்வார்கள்.

தினமும் மருந்து எடுக்கும் பிள்ளையென்றால், மருந்தின் வேதியியல் பெயரோடு மருத்துவர் கடிதம் வேண்டும். கவனக்குறைபாட்டுக்குத் தரும் மருந்துகள் சில நாடுகளில் கடும் கட்டுப்பாட்டில் உள்ளன. ஜப்பானுக்கு ஆம்ஃபெட்டமினைக் கொண்டுபோகவே முடியாது. ஒவ்வாமை, மனநலச் சிகிச்சை எதையும் பள்ளியிடம் மறைக்காதீர்கள். அவசரச் சிகிச்சைக்கு ஒப்புதல் தரும் அதிகாரக் கடிதத்தைக் கார்டியன் பெயரில் எழுதி, நோட்டரி சான்றோடு கொடுத்துவிடுங்கள். கண்ணையும் பல்லையும் கிளம்பும் முன் காட்டிவிடுவது நல்லது; மாணவர் காப்பீடு இவை இரண்டையும் பெரும்பாலும் ஏற்பதில்லை.

படி 8: கிளம்புவதும் முதல் மூன்று மாதமும்

அமெரிக்காவுக்குள் பள்ளி தொடங்கும் தேதிக்கு 30 நாளுக்கு மேல் முன்னதாக நுழைய முடியாது. ஐ-20, பெற்றோர் ஒப்புதல் கடிதம், கார்டியன் முகவரி, பள்ளியின் அவசர எண் எல்லாம் கைப்பையில் இருக்க வேண்டும். பெட்டியில் போட்டு விமானத்தில் ஏற்றிவிட்டால், குடிநுழைவு மேசையில் நிற்கும்போது பெட்டி இன்னும் கையில் வந்திருக்காது. 12 முதல் 17 வயதுக்கு விமான நிறுவனத்தின் துணைச்சேவை பெரும்பாலும் கட்டாயமில்லை, கேட்டால் தருவார்கள். விமானம் மாறும் பயணமாக இருந்தால் கேட்டுவிடுங்கள்.

முதல் மாதத்தில் எல்லாம் புதுமை, பிள்ளை உற்சாகமாகப் பேசும். சிரமம் ஆறாவது வாரத்திலிருந்து பத்தாவது வாரத்துக்குள் தலைதூக்கும். முதல் மதிப்பெண்கள் வரும், நண்பர் கூட்டங்கள் அமைந்து முடிந்திருக்கும், குளிரும் ஏறும். அழைத்து அழுதால் உடனே டிக்கெட் தேடாதீர்கள். இரண்டு வாரம் பாருங்கள். சாப்பாடு குறைகிறதா, தூக்க நேரம் தலைகீழாகிறதா, வகுப்புக்குப் போகாத நாட்கள் வருகின்றனவா என்று பள்ளியிடம் நேரடியாகக் கேளுங்கள். இவற்றில் இரண்டு ஒன்றாக இருந்தால் பள்ளி ஆலோசகரிடம் அன்றே பேசுங்கள். தினமும் மூன்று முறை வீடியோவில் பேசுவது பாசம்தான். ஆனால் அந்த நேரத்தில்தான் மற்ற பிள்ளைகள் கூடத்தில் உட்கார்ந்து சிநேகமாகிறார்கள். வாரத்தில் இரண்டு நீண்ட அழைப்பு, இடையில் குறுஞ்செய்தி என்று வைத்துக்கொள்ளலாம்.

ஒவ்வோர் ஆண்டு முடிவிலும் முத்திரையிட்ட மதிப்பெண் பட்டியலையும், படித்த பாடங்களின் பாடத்திட்டத்தையும் பள்ளியிடம் கேட்டு வாங்கி வையுங்கள். இடையில் பள்ளி மாறினாலும், ஊர் திரும்பினாலும், கல்லூரியில் சமநிலை கேட்டாலும் முதலில் கேட்கப்படுபவை இவைதான். பள்ளியை விட்டு வந்த பிறகு அவற்றை மின்னஞ்சலில் கேட்டு வாங்க, கோடை விடுமுறை குறுக்கிட்டால் மாதக்கணக்கில் ஆகும்.